ஆறு மாத டிக்கெட் எடுக்கும் முன்

ஆசிரியருக்கு,

பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் ஓய்வூதியத் தம்பதிகள் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இன்று தெருவுக்குத் தெரு உண்டு. சாம்பார்பொடி, வடாம் எல்லாம் மறக்காமல் பெட்டிக்குள் போகிறது. எத்தனை நாள் இருப்பது என்று மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பார்வையாளர் விசா 10 வருடத்துக்குக் கிடைத்தாலும் ஒரு முறை போனால் தங்க விடுவது பெரும்பாலும் 6 மாதம்தான். பிள்ளைகள் அதை முழுசாகக் கணக்கு வைத்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஜூன் 12 நெருங்கினால் ஐயாவுக்கு மேட்டூர்த் தண்ணீரும் குறுவை நாற்றங்காலும் ஞாபகம். அம்மாவுக்கோ குழந்தை தவழ்வதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப ஆசை. முதல் தடவைக்கு 3 மாதம் தாராளம். இருவருக்கும் தனித்தனி பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) டிக்கெட் எடுங்கள். ஒரே பி.என்.ஆர். என்றால், ஒருவர் தேதியை மட்டும் மாற்ற முதலில் அதைப் பிரித்தாக வேண்டும்.

அங்கே போனதும் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பு, ஐயாவுக்குப் பூஜ்யம். டிகிரி காபி, பேப்பர், கடைத்தெரு என்று இருந்தவர் கார் ஓட்டத் தெரியாமல் சோபாவில் உட்கார்ந்து மூன்றாவது காபி கேட்பார். பாதிச் சண்டை அந்த மூன்றாவது காபியில்தான். பாத்திரம் கழுவும் மெஷினை அவர் பொறுப்பில் விடலாம். சிங்க்கில் வைத்திருக்கும் திரவ சோப்பை மட்டும் அதில் ஊற்றிவிடக் கூடாது, நுரை தரையெல்லாம் வழியும். அதற்கென்று தனி மாத்திரை உண்டு.

பிரசவத்துக்கு அம்மா மட்டும் போனால் சிக்கல் வேறு. கேஸ் இணைப்பு பல வீடுகளில் அம்மா பெயரில்தான். சிலிண்டர் இறக்கும்போது சொல்ல வேண்டிய எண் அவர் போனுக்கு வரும்; அந்த போனோ அமெரிக்காவில் சிக்னல் இல்லாமல் கிடக்கும். புறப்படும் முன்பே ஏஜென்சியில் நம்பரை மாற்றிவிடுங்கள். ஐயாவின் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வேளைவாரியாகத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதும் அவசியம். எது எந்த வேளைக்கு என்பது பெரும்பாலும் அம்மாவுக்குத்தான் தெரியும்.

போன் நேரத்தையும் பேசி வையுங்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30 என்றால் நியூயார்க்கில் காலை 10. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அப்போது 11 ஆகிவிடும். ‘நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை’ என்ற கோபம் அந்த வாரம்தான் கிளம்பும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தம்பதியர் சிலர்,
கும்பகோணம்.