ஃபெய்த் ரிங்கோல்ட் அம்மாவுக்கு

அன்புள்ள ஃபெய்த் அம்மா,

2024 ஏப்ரலில், 93 வயதில், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அன்றிலிருந்து எழுத நினைத்த கடிதம் இது.

நீங்கள் அமெரிக்கக் கறுப்பின ஓவியர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். 1950இல் ஓவியம் படிக்க நியூயார்க் சிட்டி கல்லூரிக்குப் போனபோது, அந்தப் படிப்பில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். ஓவிய ஆசிரியராக வேண்டுமானால் படிக்கலாமாம். சரி என்று அதில் சேர்ந்தீர்கள். 1955 முதல் 18 ஆண்டுகள் நியூயார்க் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தினீர்கள். பிற்பாடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியராகவும் இருந்தீர்கள்.

1970இல் நியூயார்க்கின் விட்னி கலை அருங்காட்சியகக் கண்காட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்று தோழிகளோடு போராடினீர்கள். விசில் ஊதினீர்கள், காட்சிக்கூடத்தில் முட்டைகளைப் போட்டு வைத்தீர்கள். அதே ஆண்டு நவம்பரில், தேசியக் கொடியைக் கலையில் பயன்படுத்துவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து ஜட்சன் தேவாலயத்தில் கண்காட்சி வைத்ததற்காகக் கைதானீர்கள். 100 டாலர் அபராதம் போட்டார்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுப் பெண்கள் சிறைக்கு நீங்கள் வரைந்த ஓவியம்தான். வரைவதற்கு முன்னால் கைதிகளிடமே போய், என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். இங்கிருந்து வெளியே போகும் நீண்ட பாதை வேண்டும் என்றார் ஒருவர். அந்தப் பதிலைக் கேட்டபின் பூவும் மரமும் வரைய மனம் வருமா? எட்டு முக்கோணங்களில் பெண்களை வரைந்தீர்கள்: பேருந்து ஓட்டுபவள், மருத்துவர், போலீஸ், கூடைப்பந்து ஆடுபவள், நாட்டின் அதிபர். சிறைக்குள் இருப்பவர்கள் தங்களை வைத்துப் பார்த்துக்கொள்ள அத்தனை வேலைகள். அப்புறம் அது ஆண்கள் சிறையானது, படத்தின்மேல் வெள்ளைச் சாயம் பூசிவிட்டார்கள். படித்தபோது வயிறு எரிந்தது. நல்லவேளை, மீட்டெடுக்க முடிந்தது.

துணிக்கு நீங்கள் வந்த கதையும் அழகு. 1972இல் ஆம்ஸ்டர்டாமில் தங்கா எனப்படும் திபெத்தியத் துணி ஓவியங்களைப் பார்த்தீர்கள். மரச்சட்டம் கிடையாது, ஓரத்தில் துணி. சுருட்டிப் பெட்டியில் வைத்து ஊர் ஊராக அனுப்பலாம், பெரிய கான்வாஸைத் தூக்க ஆள் தேட வேண்டாம். உங்கள் அம்மா வில்லி போசி ஆடை வடிவமைப்பாளர், தையல் கை வந்தவர். உங்கள் ஓவியங்களுக்குத் துணி ஓரம் தைத்துக் கொடுத்தார். 1980இல் இருவரும் சேர்ந்து முதல் குவில்ட்டை, அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையை, செய்தீர்கள். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். உங்கள் வாழ்க்கைக் கதையை அச்சிடப் பதிப்பாளர் யாரும் கிடைக்காதபோது, கதைகளைத் துணியிலேயே எழுதத் தொடங்கினீர்கள். தொங்கவிட்டால் போதும், நிற்பவர்கள் படித்துவிடுவார்கள். பதிப்பாளர் எதற்கு!

1988இல் செய்த ‘டார் பீச்’ (தார்க் கடற்கரை) குவில்ட்டை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் போதவில்லை. சுற்றிலும் பூப்போட்ட ஒட்டுத்துணிகள். மேலும் கீழும் துணிப் பட்டைகளில் உங்கள் கையெழுத்தில் கதை. நடுவில் ஹார்லெமின் தார் பூசிய மொட்டைமாடி. கொடியில் துணி காய்கிறது, பெரியவர்கள் மேசையைச் சுற்றிச் சீட்டாடுகிறார்கள். கதையின் நாயகி, எட்டு வயது கேஸி, தம்பியோடு படுத்து வானத்தைப் பார்க்கிறாள். அவள் அப்பா ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் கட்டியவர்களில் ஒருவர். ஆனால் அவருடைய அப்பா உறுப்பினராக இல்லை என்பதால் தொழிற்சங்கத்தில் அவருக்கும் இடமில்லை. அதனால் கேஸி பறந்துபோய் அந்தச் சங்கக் கட்டடத்தையே அப்பாவுக்குச் சொந்தமாக்கிவிடுகிறாள். அப்பா வேலை தேடிப் போகும்போது அம்மா அழக்கூடாது, காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஐஸ்கிரீம் தொழிற்சாலை ஒன்றும் வேண்டும், தினமும் சாப்பிட.

கீழே படுத்திருப்பவளும் கேஸிதான். மேலே, விளக்குகள் எரியும் பாலத்தைத் தாண்டிப் பறப்பவளும் கேஸிதான்.

அன்புடன்,
உங்கள் வாசகி