வெறும் மண்ணை முதலில் குலுக்குங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். நிலநடுக்கத்தில் மண்ணும் அடித்தளமும் சேர்ந்து ஆடுவதைக் கணினியில் கணக்கிடுவது பற்றிய கட்டுரையில், மண்ணின் கணினி மாதிரி பெரிதாக இருந்தால் விடை சரியாக வரும் என்று எழுதியிருந்தீர்கள். பெரிதாக்கினால் கணக்கு ஓடும் நேரம் நிச்சயம் கூடும். விடை கெடுவது பெரும்பாலும் மாதிரியின் அடியில்.

நிஜ நிலத்தில் கட்டடம் கிளப்பும் அலை கீழே போய்க்கொண்டே இருக்கும். மாதிரியின் அடியை இறுக்கிப் பிடித்தால் அது மோதித் திரும்பும். அதை விழுங்கத்தான் லைஸ்மர், குல்மெயர் என்ற ஆய்வாளர்கள் 1969-இல் சொன்ன டேஷ்பாட்களை (அசைவின் வேகத்துக்கேற்ப எதிர்த்து ஆற்றலை உறிஞ்சும் தணிப்பான்களை) வைக்கிறோம். சதுர மீட்டருக்கு அவற்றின் அளவு, அடியில் இருப்பதன் அடர்த்தி × வெட்டு அலை (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் அலை) வேகம். அடியில் பாறை என்றால் பாறையின் எண்கள். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். பிறகு அதே கணுக்களில் (மாதிரியின் கட்டங்கள் சந்திக்கும் புள்ளிகளில்) நிலநடுக்கத்தின் முடுக்கப் பதிவையும் ஏற்றிவிடுகிறார்கள்! அசைவை நாமே நிர்ணயித்துவிட்ட கணுவில் டேஷ்பாட்டுக்கு வேலையே இல்லை. அடி மறுபடி இறுகிவிட்டது.

அசைவை வெட்டுத் தகைவாக (சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற பக்கவாட்டு விசையாக) கொடுக்க வேண்டும்: 2 × அடர்த்தி × வெட்டு அலை வேகம் × மேலேறும் அலையின் திசைவேகம். பாதியை டேஷ்பாட் விழுங்கிவிடும் என்பதால்தான் அந்த 2. தரைமட்டத்தில் பதிவானதை அப்படியே அடியில் கொடுப்பதும் தவறு. மேலே பட்டுத் திரும்பிய அலையும் அதில் சேர்ந்திருக்கிறது. மேலேறும் அலையைப் பிரித்தெடுத்த பிறகே பயன்படுத்தலாம்.

கட்டடத்தை வைக்குமுன் வெறும் மண்ணைச் சோதித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். 30 மீட்டர் ஆழம், அலை வேகம் விநாடிக்கு 150 மீட்டர், அடியிலும் அதே மண், தணிப்பு பூஜ்ஜியம். பக்கவாட்டில் ஒரே மட்டத்திலுள்ள இடவலக் கணுக்களை ஒன்றாக அசையும்படி சேர்த்துக் கட்டுங்கள். 0.1 விநாடித் துடிப்பு ஒன்றை அனுப்பினால் 0.2 விநாடியில் மேலே இரு மடங்காகத் தெரிந்து, பிறகு கோடு படுத்துவிட வேண்டும். 0.6 விநாடியில் தலைகீழாக இன்னொன்று எழுந்தால் அடி திருப்பி அனுப்புகிறது. துடிப்பின் பின்னால் நடுங்கும் வால் தெரிந்தால் எலிமென்ட் (மாதிரியைப் பிரித்த சிறு கட்டம்) பெரிது. 15 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் அலைநீளம் 10 மீட்டர், அதில் பத்தில் ஒரு பங்காக எலிமென்ட் உயரம் 1 மீட்டர். பலத்த குலுக்கலில் மண்ணின் விறைப்பு கால்பங்காகச் சரிந்தால் அலை வேகம் பாதியாகும். அப்போது அரை மீட்டர்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நெகிழும் மண் கட்டடத்துக்கு எப்போதும் நல்லது என்ற உங்கள் கட்டுரையின் வரியையும் ஏற்க முடியவில்லை. மண் நெகிழ்ந்தால் கட்டடத்தின் அலைவு நேரம் (ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம்) நீளும். வழக்கமான வடிவமைப்பு வரைபடத்தில் அது விசையைக் குறைத்துக் காட்டும். ஆனால் 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகைக் களிமண் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஆடியது. அங்கே 1.6 விநாடிக் கட்டடம் 1.9 ஆக நீண்டால், அது குலுக்கலின் உச்சத்தை நோக்கி நகர்கிறது.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்