அம்மாவுக்கு, மலாக்கா போய்வந்த கதை

கோலாலம்பூர்,
திங்கள் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நேற்று போனில் "மலாக்கா போய்வந்தேன், எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அங்கே பார்த்ததை அவசர அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் உங்கள் கவலைக்குப் பதில். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆபீஸ் போகும் வழியில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் கிடைக்கும். சந்தையில் மீன் உண்டு, மரச்சீனிக் கிழங்கு உண்டு, தேங்காயைத் துருவியே விற்கிறார்கள். மத்தியானம் தாண்டினால் பல நாள் இடியோடு மழை. ரயிலிலும் கடையிலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் கஷ்டம். பூசை முடிந்து வந்து நீங்கள் மீன் குழம்பு வைப்பது நினைவு வந்துவிடும். அதனால்தான் தோழிகள் மலாக்கா போகலாமா என்று கேட்டதும் உடனே சரி என்றேன்.

நாலு பேர் போனோம். என்னோடு தங்கியிருக்கும் தூத்துக்குடிக்காரி, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் விஜயவாடாப் பெண், அப்புறம் ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தோழி. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். வழி நெடுகச் செம்பனைத் தோட்டம். முன்பெல்லாம் இந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் ரப்பர்தானாம், ஈப்போத் தோழியின் பாட்டியும் பால் வெட்டியவர்தான். குலசேகரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். "எங்கள் பாட்டியும் அப்படித்தான் போவார்" என்றாள். மலாக்கா வருவதற்குள் அவள் எனக்குப் பாதி சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

மலாக்காவை 1511-ல் போர்ச்சுகீசியர் பிடித்தார்கள், 1641-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், அப்புறம் 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 2008-ல் பினாங்கு ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். ஊர் நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் எல்லாம் செங்காவி நிறக் கட்டடங்கள். அதில் ஒன்று கிறிஸ்து கோயில். ஊரைப் பிடித்த நூறாவது ஆண்டு நினைவாக டச்சுக்காரர்கள் 1741-ல் கட்டத் தொடங்கி 1753-ல் முடித்தது.

1741 என்று படித்ததும் எனக்குக் கால் நகரவில்லை. அதே வருஷம்தானே குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை இதே டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது! இங்கே வெற்றி நினைவுக்கு அஸ்திவாரம் போட்ட வருஷத்திலேயே அங்கே நம் கடற்கரையில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறார்கள். அப்பா சின்ன வயதில் என்னைப் புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப்போய், உதயகிரிக் கோட்டைக்குள் டச்சு அதிகாரி டிலனாயின் கல்லறையைக் காட்டினாரே, லத்தீனும் தமிழும் வெட்டிய கல், அதைத் தோழிகளுக்குச் சொன்னேன். பிடிபட்ட அந்த மனிதர் திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனதையும், அவர் சொல்லித்தான் நம் தேவசகாயம் பிள்ளை கிறிஸ்துவை அறிந்ததையும், 2022-ல் தேவசகாயம் பிள்ளையைப் புனிதர் என்று ரோமில் அறிவித்ததையும் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. விஜயவாடாப் பெண், குளச்சலை ஒரு நாள் பார்க்கணும் என்றாள். கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இனிதான் உங்களுக்கான விஷயம்.

சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மலை. மேலே புனித பவுல் கோயில். 1521-ல் போர்ச்சுகீசியர் மாதாவுக்குக் கட்டிய சிற்றாலயம் அது, 1548-ல் சேசு சபையின் கைக்கு வந்திருக்கிறது. இப்போது கூரை இல்லை, சுவர்தான் நிற்கிறது. உள்ளே டச்சுக் கல்லறைக் கற்களைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். முன்பு பீடம் இருந்த பக்கமாகத் தரையில் ஒரு குழி, மேலே கம்பிக் கூண்டு. அம்மா, அதுதான் நம் சவேரியாரை வைத்திருந்த இடம்.

1552 டிசம்பர் 3-ல் அவர் சீனக் கரையில் ஒரு தீவில் இறந்தார். மறு வருஷம் உடலைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இந்தக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி எடுத்து, கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே குழி காலிதான், யாரோ போட்ட காசுகள் கிடக்கின்றன. ஆனாலும் எனக்கு அது காலி என்று தோன்றவில்லை. 1544 கடைசியில் நம் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷமே மலாக்காவில் வந்து இறங்கியிருக்கிறார். நம் ஆட்களுக்காகத் தமிழில் செபங்களை எழுதி வாங்கி மனப்பாடம் செய்தவர், இங்கே வந்ததும் அவற்றை மலாய்க்கு மாற்றும் வேலையில் இறங்கிவிட்டார். காற்றை நம்பித்தான் கப்பல் ஓடிய காலம். எப்படித்தான் இத்தனை கரைக்கும் போனாரோ!

வாசலில் அவருடைய வெள்ளைச் சிலை நிற்கிறது, வலது கை இல்லாமல். 1952-ல் நிறுவிய மறுநாளே ஒரு சவுக்கு மரம் விழுந்து கை உடைந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய நிஜமான வலது கையை 1614-ல் வெட்டி ரோமுக்குக் கொண்டுபோயிருப்பது உங்களுக்குத் தெரியும். சிலைக்கு அடியில் எல்லாரும் சிரித்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் அமைதியாக விட்டிருக்கலாம் என்று எனக்கு வருத்தம்தான். நானும் தூத்துக்குடிக்காரியும் கூண்டுப் பக்கம் முழங்காலிட்டு, கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவில் சொல்வதுபோலத் தமிழிலேயே செபம் சொன்னோம். உங்கள் மூட்டு வலிக்காகவும் சொன்னேன்.

மலை இறங்கியதும் செண்டோல் வாங்கிக் குடித்தோம். தேங்காய்ப் பாலில் பச்சை நூல் போல மாவு, ஐஸ், மேலே தென்னம்பதநீர் காய்ச்சிய கருப்பு வெல்லம். நம் கருப்பட்டியின் தங்கை மாதிரி ஒரு மணம் அதற்கு. இரவுக் கடைத்தெரு ஒரே கூட்டம், விளக்கு, பாட்டு. சுற்றிப் பார்த்தோம், அவ்வளவுதான்.

மறுநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனோம். ஒரே தெருத் தொடர்ச்சியில் சீனக் கோயில், 1748-ல் எழுந்த பள்ளிவாசல், 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில். விநாயகர் கோயிலுக்கு இடம் கொடுத்தது டச்சு அரசாங்கம். அதைக் கட்டியவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து, இங்குள்ள பெண்களைக் கல்யாணம் செய்து தங்கிவிட்ட தமிழர்களின் வழி. வீட்டில் மலாய்தான் பேசுகிறார்கள், பெண்கள் கெபாயா என்ற மலாய்ச் சட்டை உடுத்துகிறார்கள். ஆனால் போகிக்கு முன்னோருக்குப் படையல் வைக்கிறார்கள், பொங்கல் விடுவதில்லை, மாரியம்மனை விடுவதில்லை. கெபாயாவும் நெற்றியில் திருநீறுமாக ஒரு பாட்டி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். ஊரை விட்டு வந்தால் எல்லாம் போய்விடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்களே, அந்தப் பாட்டியை உங்களுக்குக் காட்டணும்.

கிளம்பும் முன் போர்ச்சுகீசியக் குடியிருப்பில் சுட்ட மீன் சாப்பிட்டோம். ஜூன் 29-ல் இராயப்பர் (புனித பேதுரு) திருநாளுக்கு அங்கே படகுகளை மந்திரிப்பார்களாம். தூத்துக்குடிக்காரியின் குடும்பப் பெயரும் போர்ச்சுகீசியப் பெயர்தான், அதைக் கேட்டதும் கடைக்காரம்மா அவளுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அம்மா, நீங்கள் வரவேண்டும். திருவிழா முடிந்ததும் வாருங்கள், தேரைப் பார்க்காமல் நீங்கள் கிளம்பமாட்டீர்கள் என்று தெரியும். மலைப்படிகளை மெதுவாக ஏறலாம், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே எழுதிப்போடத் தம்பியிடம் சொல்லுங்கள். ஆதாரில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும், இனிஷியலை மட்டும் விரித்து எழுதச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் வரை அவன் கொண்டுவந்து விடட்டும். முந்திரிக்கொத்து கொஞ்சம் அதிகமாகவே கொண்டுவாருங்கள், ஈப்போத் தோழி இப்போதே கேட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்