முழுக்கூலி வாங்கிய அண்ணனுக்கு

குதிகால் தசைநார் அறுந்து ஆறு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு, நேற்று ஃபுட்பால் மேட்சில் கடைசி இருபது நிமிடம் ஆடினேன். கோல் இல்லை. ஒரு ஹெட்டர் போஸ்டுக்கு மேலே போய்விட்டது. ஐஸ் பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எனக்கு என்ன ஆனது என்பது வியாசர்பாடியில் பால் பாக்கெட் வாங்கப் போகிறவருக்குக்கூடத் தெரியும். ஆபரேஷனுக்குப் பணம் திரட்டியவர்கள், ஃபிசியோவுக்குக் கூட்டிப்போய்க் காசு வாங்காத ஆட்டோ அண்ணன்கள், மாடிப்படியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறிய ஜூனியர் பசங்க, தினமும் முட்டை அவித்துக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் சண்டை வரும்.

தனியாகச் சொல்ல வேண்டியவர் ஒருவர் உண்டு. பெரியமேட்டில், நேரு ஸ்டேடியம் போகிற வழியில், பிளாட்பாரத்தில் குடை போட்டு உட்கார்ந்து செருப்பு தைக்கும் அண்ணன்.

படுத்திருந்த நாட்களில் எங்கள் கோல்கீப்பர் தம்பி ஊவே சீலரின் கதையைச் சொன்னான். ஜெர்மனியின் ஹாம்பர்க் அணிக்கே 1953 முதல் 1972 வரை ஆடிய ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர். 1961இல் இத்தாலியின் இண்டர் மிலன் கிளப் பெரும் பணத்தோடு கூப்பிட்டும் போகவில்லை. (ஓய்வுக்குப் பிறகு 1978இல் அயர்லாந்தில் வேறொரு கிளப்புக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடி, அதிலும் இரண்டு கோல் போட்டாராம். அதை நாம் கண்டுகொள்ள வேண்டாம்.) 1965 தொடக்கத்தில் அவருக்கும் என்னைப் போலவே குதிகால் தசைநார் அறுந்தது. அவருக்கென்றே தனியாக பூட் செய்து கொடுத்தார்கள். அதே செப்டம்பரில் ஸ்வீடனுக்கு எதிராக வெற்றி கோல் போட்டு, மேற்கு ஜெர்மனி 1966 உலகக் கோப்பைக்குப் போக வழி செய்தார்.

அதைக் கேட்டுத்தான் பூட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் போனேன். பின்பக்கம் தையல் போட்ட இடத்தில் உரசியது. அவர் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டின் பின்விளிம்பை வெட்டி, உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தார். நான் கேட்காமலேயே, பூட்டின் அடியில் பிடிப்புக்காக இருக்கும் ஸ்டட் குமிழ்களில் தேய்ந்த நாலையும் கழற்றிப் புதுசு மாட்டினார்.

"இது எதுக்குண்ணே இப்போ?"

"ஆடப் போறல்ல?"

கடைசியில் 350 ரூபாய் என்றார். ஒரு பைசா குறைக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் டீக்கடையில்கூட என்னிடம் யாரும் காசு வாங்கியதில்லை. எல்லாம் அன்புதான், தெரியும். ஆனால் ஒவ்வொரு டீயிலும் 'பாவம், இனி எங்கே ஆடப் போறான்' என்பதும் கொஞ்சம் கலந்திருந்தது. அவர் ஒருவர்தான் என்னை மேட்ச் இருக்கிற ஆளாகப் பார்த்துக் கூலி கேட்டார். பிளாட்பாரத்திலேயே கண் கலங்கிவிட்டது. தோல் பிசின் வாசனை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் பதினாலு வருஷம் ஒரே டீமுக்கு ஆடியதை, என்னைப் பாராட்டுகிறவர்கள் 'விசுவாசம்' என்று எழுதுகிறீர்கள். கூச்சமாக இருக்கிறது. என்னை இண்டர் மிலன் ஒன்றும் கூப்பிடவில்லை. வேலையோடு ஒரு டீம் கூப்பிட்டபோது போக ஆசைப்பட்டவன்தான். செலக்‌ஷன் அன்று காய்ச்சல், அவ்வளவே. ஆனால் இனிமேல் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. இதை இப்போது யோசித்துத்தான் சொல்கிறேன்.

அண்ணே, வலது பூட்டில் முன் ஸ்டட் ஒன்று நேற்று ஆடிவிட்டது. சனிக்கிழமை வருகிறேன். இந்த முறை பேரம் பேசுவேன்.