சேலையின் நிறத்தை அலங்காரம் என்று தள்ளலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழில் நாவல்கள் படமாவது பற்றி வந்த கட்டுரையை ஆறுதலாக இருந்து வாசித்தேன். வசனம், நடிப்பு, இசை எல்லாவற்றையும் நன்றாக அலசியவர், வீட்டையும் உடையையும் மட்டும் ‘அலங்காரம்’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தையே பாருங்கள். அக்கா தங்கை இருவரில் மூத்தவளின் அடக்கத்தை ஆஸ்டின் பக்கம் பக்கமாக எழுதுகிறார். படத்தில் அக்கா சௌமியாவாக நடிக்கும் தபு உடுத்தி வரும் அமைதியான நிறச் சேலைகளே அதைச் சொல்லிவிடுகின்றன. பக்கத்தில் தங்கை மீனாட்சி பளிச்சென்ற நிறங்களில் துள்ளித் திரிகிறாள். ஆசையை உள்ளே பூட்டி வைப்பவள் யார், கொட்டிவிடுபவள் யார் என்று கேட்கவே தேவையில்லை.

உடுப்பால் ஆளை எடைபோடுவது ஆஸ்டினிடமே இருக்கிறது. 35 வயது கேணல் பிரெண்டன் ஃபிளானல் மேற்சட்டை போடுகிறார் என்பதாலேயே நாவலின் தங்கை மரியான் அவரைக் கிழவனாக்கிவிடுகிறாள். படத்தில் அந்தச் சட்டை இல்லை. அவருடைய இடத்தில் வரும் மேஜர் பாலாவுக்கு ஒரு கால் இல்லை. அந்தக் கால் போனது எங்கள் இலங்கையில், இந்திய அமைதிப்படையில் இருந்தபோது. அந்தக் காட்சி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

படத்தில் சகோதரிகளின் தாத்தா கண்மூடியதும் தூணும் முற்றமுமான செட்டிநாட்டு வீடு கைமாறுகிறது. ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்த சௌமியா சென்னையில் சமையல் வேலைக்குப் போகிறாள். வீடு போனால் பெண்ணின் நடையும் உடையும் எப்படி மாறும் என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் படம் பார்த்துத்தான் தெரிய வேண்டுமென்றில்லை.

எங்களுடையதும் நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடுதான். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா உடுத்தியிருந்தது கத்தரிப்பூ நிற வொயில் சேலை. கூறைச்சேலை பெட்டியோடு வீட்டிலேயே கிடந்தது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு மாதம், அந்தச் சேலையையும் யாரோ தந்த இன்னொன்றையும் மாற்றி மாற்றித் தோய்த்து உடுத்தினா. திரும்பி வரும்போது கத்தரிப்பூ நிறம் தலைப்பு மடிப்புக்குள் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதன் பிறகு அம்மா அந்த நிறத்தில் சேலை எடுத்ததேயில்லை.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. அண்மையில் எங்கள் ஊர்ச் சிறுகதை ஒன்றைத் தழுவிய குறும்படம் பார்த்தேன். எடுத்த பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல மாட்டேன், ஒளிப்பதிவு அருமை. ஆனால் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் மாதக்கணக்காக இருக்கும் தாய், மடிப்புக் குலையாத புதுச்சேலையோடு வெளியே வருகிறா. கடைச் சேலையின் கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை. அந்த நடிகை நன்றாகத்தான் அழுதா. எனக்குக் கண் முழுக்கச் சேலையில்தான் நின்றது.

நூலகத்துக்குப் போக வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். படம் எடுக்க முன்னம் அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே ஒருக்கால் கேட்டுப் பார்க்கட்டும்: ‘அம்மம்மா, அண்டைக்கு என்ன சீலை உடுத்திருந்தனீங்கள்?’

இப்படிக்கு,
வாசகி, கோண்டாவில்