பட்டி அப்பினால் துரு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் துருப்பிடித்து விழுந்த ஓட்டையை வீட்டிலேயே அடைப்பது எப்படி என்று உங்கள் வார இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் தூத்துக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன். பிழைப்பு போகிறதே என்று புலம்புகிறான் என நினைத்துவிட வேண்டாம். வீட்டில் செய்துகொள்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும், சொல்லப்போனால் துரு வேலைக்கு வேண்டிய பொறுமையும் நேரமும் வண்டிக்காரருக்குத்தான் இருக்கும், நாள் கூலிக்கு ஆள் வைத்து வேலை பார்க்கிற எங்களுக்கு இருக்காது. ஆனால் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பின்பக்கம் வலை ஒட்டி, மேலே பட்டி அப்பி, பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது என்று எழுதியவர், ரன்னிங் போர்டுக்கும் தரைத் தகட்டுக்கும் அதே வைத்தியம்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த வரியை நீங்கள் திருத்திப் போட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் எதிலும் லாரிக்கு இருப்பது போல் சேசிஸ் என்கிற தனி அடிச்சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டு பெட்டி, தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ஜாக்கி வைக்கிற இடம் அங்கேதான் இருக்கிறது, சீட் போல்ட் தரையில்தான் இறங்குகிறது, சீட் பெல்ட்டின் கீழ் முனை அந்தத் தகட்டை நம்பித்தான் நிற்கிறது. பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் பவுடரைக் கலந்த சாமான், மேடு பள்ளத்தைச் சமன் செய்வதற்காக வந்தது. அதற்குப் பாரம் தாங்கத் தெரியாது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மாட்டும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தால் வண்டி தேறாது, அங்கே பட்டியோ ஃபைபரோ போட்டு அடைத்திருந்தாலும் ஏற்க மாட்டார்கள். இங்கே 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. புதுப்பிக்கப் போவதற்கு முந்தைய வாரம் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெளியே பளபளவென்று இருந்தால் போதும் என்கிறார்கள், அடியில் குனிந்து பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை.

சரி, ஓட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கட்டுரை இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெரும்பாலான துரு உள்ளேயிருந்து வெளியே வருவது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும், அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்பளம் தெரிகிறதென்றால் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தின்னப்பட்டிருக்கும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே கம்பெனியில் ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். புழுதியும் பழைய பெயிண்டும் அதை அடைத்துவிடும், கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். வைப்பர் இருக்கிற பள்ளத்தில் வேப்பிலைச் சருகு மக்கிக் கிடக்கும், வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறந்து பாருங்கள். முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் கால் வைக்கிற இடத்தில் கால்மிதி மேட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், மேட்டைத் தூக்கினால் நாற்றமடிக்கும். இந்த வழிகளை அடைக்காமல் என்ன ஒட்டுப் போட்டாலும் அடுத்த மழைக்காலம் வரைதான்.

எங்கள் ஊரில் இது இன்னும் மோசம். கடல் காற்று ஒருபக்கம், உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் ஒருபக்கம். மீன் பெட்டி ஏற்றுகிற ஆம்னியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடும். கார் கழுவுவதும் பல வீடுகளில் போர் தண்ணீரில்தான், அதுவும் உவர். உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை, ஈரத்தில் கரைந்து மின்சாரம் எளிதாக ஓடுகிற மாதிரி ஆக்குகிறது, துரு அதனால் வேகம் பிடிக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வெள்ளத்தில் நின்ற கார்களில் என்ஜினையும் சீட்டையும் சரி செய்தார்களே தவிர, ரன்னிங் போர்டு பெட்டிக்குள் புகுந்த சேற்றை யாரும் கழுவி வெளியேற்றவில்லை. அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் ஒரு ஸ்குரூடிரைவரால் கொப்பளத்தைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். தைரியமாகக் குத்துங்கள், குத்தி ஓட்டை விழுகிறதென்றால் அங்கே ஏற்கெனவே தகடு இல்லை என்றுதான் அர்த்தம். சொத்தைப் பல்லைச் சுரண்டாமல் அடைத்தால் என்னாகுமோ அதுதான் துருவை வைத்துக்கொண்டு மூடினாலும் ஆகும். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய வட்டு) மாட்டித் தேய்த்து, வெள்ளி போல் மின்னுகிற தகடு வரும்வரை பின்னுக்குப் போங்கள், அரித்த பகுதியைத் தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். சின்ன ஓட்டை பெரிதாகிவிட்டதே என்று பயப்படத் தேவையில்லை, அதன் நிஜ அளவே அவ்வளவுதான். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் பறக்கக் கூடாது. வெட்ட முடியாத மூலையில் ஒட்டியிருக்கிற துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த திரவம் தடவினால் அது கறுத்து இறுகும். ஆனால் அடை அடையாக உதிர்கிற துருவின் மேல் அதை ஊற்றிப் புண்ணியமில்லை, மேல்தோல் மட்டும்தான் மாறும்.

முன் ஃபெண்டரின் அடிப்பகுதி, கதவின் வெளித்தகடு, இந்த மாதிரி பாரம் தாங்காத இடங்களில் வீட்டு வேலை போதும். 22 கேஜ் (சுமார் முக்கால் மில்லிமீட்டர்) தகட்டை ஓட்டையைவிட ஒரு அங்குலம் பெரிதாக வெட்டி, முடிந்தால் உள்பக்கமிருந்து வைத்து, பாப் ரிவெட் (ஒருபக்கமிருந்தே அடிக்கிற ஆணி) அடித்து, விளிம்பில் எபாக்ஸி பூசி மூடலாம். ஃபைபர் மேட்டும் பிசினும் போட்டாலும் சில வருடம் ஓடும், சுத்தமான தகட்டில் ஒட்டினால் மட்டும். பட்டி கடைசியில், அதுவும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பட்டியை இறுக வைக்கிற ஹார்டனரை 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவில் கலந்தால் போதும், சீக்கிரம் காயட்டும் என்று அள்ளிப் போட்டால் பின்னால் பெயிண்டில் கறையாக ஏறும். எங்கள் ஊர் மத்தியான வெயிலில் குழைத்த பட்டி சில நிமிடத்தில் கல்லாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள்.

தேய்த்த தகட்டை அப்படியே விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்ப் படுத்தால் காலையில் பழுப்பேறியிருக்கும், கடற்கரை ஊரில் இதற்கு ஒரு ராத்திரி போதும். அன்றைக்கே தின்னரில் துடைத்து எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். பிரைமரோடு நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், சாதாரண பிரைமர் தண்ணீரை உள்ளே விடும், மேலே பெயிண்ட் வேண்டும். கலர் பொருத்தம், பாலிஷ் எல்லாம் அவரவர் ஆசை. ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தின் பின்பக்கத்தை மறந்தால் எல்லாம் வீண், பெட்டிக்குள் கம்பெனி ஓட்டை வழியாகக் குழாய் விட்டு மெழுகு அடிப்பார்களே, அது நல்ல வழி. பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கிற பழக்கம் வேண்டாம், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிக் கெட்டுப்போகும். துருவின் மேலேயே கறுப்புத் தார் பூசுவது அதைவிட மோசம், ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும், என்ன நடக்கிறதென்று கண்ணுக்கும் தெரியாது.

ரன்னிங் போர்டு, தரை, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் என்றால் வெல்டிங்தான், வேறு வழியில்லை. வெல்டிங் மெஷின் இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். ஆர்க் வெல்டிங் கம்பியை முக்கால் மில்லிமீட்டர் தகட்டில் வைத்தால் ஓட்டையை அடைப்பதற்குப் பதில் புது ஓட்டை போடும். சுருள் கம்பி தானாக வந்துகொண்டிருக்கிற மிக் வெல்டிங் வேண்டும், அதையும் ஒரே கோடாக இழுக்காமல் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக வைத்து, ஆறவிட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தகடு வளைந்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடாக இருந்தால் துத்தநாகப் புகை கிளம்பும், மூடின ஷெட்டில் அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். எல்லாவற்றுக்கும் மேல், தரைத் தகட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாய் ஓடுகிறது, மேலே கார்பெட்டும் ஒயரும் தார் ஷீட்டும் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி, கார்பெட்டை முழுக்க வெளியே எடுத்து, பெட்ரோல் குழாயும் டாங்க்கும் எங்கே என்று பார்த்து, தண்ணீர் வாளியோடு ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் நாங்களே ஆரம்பிப்போம். பழக்கமில்லாதவர்கள் வெட்டுவது, சுத்தம் செய்வது, கார்பெட் கழற்றுவது வரை வீட்டில் முடித்துக்கொண்டு வெல்டிங்குக்கு மட்டும் பட்டறைக்கு வாருங்கள். கூலியில் பெரும்பகுதி அந்தச் சுத்தம் செய்கிற வேலைக்குத்தான் போகிறது, அது உங்களுக்கு மிச்சம்.

டிக்கி தரையிலும் ஸ்டெப்னி குழியிலும் ஓட்டை இருந்தால் பாரம் தாங்காத இடம்தானே என்று தள்ளிப் போடாதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் சைலன்சர் புகை சுழன்று அந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது, கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குத் தலைவலியும் தூக்கமும்தான் முதலில் வரும்.

இன்னொன்று, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு. மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் அடி, சக்கரத்துக்கு மேல் வளைவு, ரன்னிங் போர்டு என்று வைத்துக்கொண்டே வாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது, அல்லது ஃபைபர். விற்கிறவர் முறைத்தால் முறைக்கட்டும், மேட்டையும் தூக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறை நடத்தும் வாசகர்,
தூத்துக்குடி.