இந்திப் படக் கதை இலாகாவினருக்கு: செத்துப்போன ஆளையும் கொஞ்சம் நினையுங்கள்

மும்பையில் உட்கார்ந்து இரட்டை வேடக் கதை பண்ணும் அன்பர்களே,

வணக்கம். லாஜிக் கேட்டு எழுதும் மடல் இல்லை இது. உலகத்தில் ஒரே முகச்சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்தால் வில்லனுக்கு அடையாளம் தெரியாது என்பதையும் ஒத்துக்கொண்டவன். என் குறை வேறு.

2000 ஜனவரியில் வந்த 'கஹோ நா... பியார் ஹை' படத்தையே எடுத்துக்கொள்வோம். அப்பா ராகேஷ் ரோஷன் இயக்க, ஹிருத்திக் ரோஷன் நாயகனாக அறிமுகமான படம். கார் ஷோரூமில் வேலை பார்க்கும் ரோஹித், பாட ஆசைப்படுகிறவன், பாதிப் படத்தில் கொல்லப்படுகிறான். துக்கத்தோடு நியூசிலாந்து போகும் அவன் காதலி சோனியாவின் எதிரே அதே முகத்தோடு ராஜ் வந்து நிற்கிறான். இரட்டைப் பிறவி, திருவிழாவில் தொலைந்த தம்பி என்றெல்லாம் விளக்கமே இல்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அப்புறம் ராஜ் இந்தியா வந்ததும், செத்தவன் திரும்பி வந்துவிட்டானோ என்று கொலைகாரர்கள் பதறி, தாங்களே தங்களைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள். முகமே சாட்சியாகிவிடுகிறது. ஆள் மாறாட்டத்தை ஆக்‌ஷனுக்கு இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய படங்கள் குறைவு.

காதலில்தான் இடறுகிறது. ராஜைப் பார்த்ததும் சோனியா விலகி ஓடுகிறாளே, அதுதான் நிஜம். காதலித்தவனின் முகம் எதிரே வந்தால் சந்தோஷமா வரும்? கிலிதான் வரும். ஆனால் படம் முடியும்போது ராஜோடு சேர்த்து வைத்துவிடுகிறீர்கள். முகம் ஒன்றுதானே, கணக்கு சரியாகிவிட்டது என்பதுபோல. ரோஹித் என்று ஒருவன் இருந்தானே!

'ரவுடி ராத்தோர்' படத்திலும் இதே கதைதான். தெலுங்கில் 'விக்ரமார்க்குடு', தமிழில் 'சிறுத்தை' என்று வந்து, 2012இல் பிரபுதேவா இயக்கத்தில் இந்திக்குப் போனது. போலீஸ் அதிகாரியின் சின்ன மகள், அவரைப் போலவே இருக்கும் திருடனை அப்பா என்று கட்டிக்கொள்கிறாள். அதைப் பார்த்துக் காதலிக்குச் சந்தேகம் வர, அவன் காதலே ஆட்டம் காண்கிறது. சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அதிகாரி இறந்துபோன பிறகு சிரிப்பு வரவில்லை. சண்டையெல்லாம் முடிந்து வெளியே வந்தும், அந்தப் பிள்ளைக்கு இதை யார் எப்போது சொல்வார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத வித்தையா? 1978இல் 'டான்' எழுதிய சலீம்–ஜாவேத் உங்கள் ஊர்க்காரர்கள்தானே. நாங்கள் 'பில்லா' ஆக்கிக்கொண்ட அதே கதை. செத்துப்போன கடத்தல் தலைவன் டானின் வேடத்தில், அதே முகம் கொண்ட விஜய் என்ற சாதாரண ஆள் நடிக்கும் ரகசியம் தெரிந்த ஒரே போலீஸ் அதிகாரி செத்துப்போகிறார். முகமே அவனுக்கு விலங்காகிவிடுகிறது. நாயகி ரோமா அவனைக் காதலிக்கிறாள் என்றால், அண்ணனைக் கொன்றவனின் முகத்தைத் தாண்டி வந்து காதலிக்கிறாள். முகத்துக்காக அல்ல.

அதனால் ஒரு சின்ன விண்ணப்பம். அடுத்த படத்தில், எல்லாம் கூடிவந்த பிறகு, ஒரு டூயட்டுக்கு நடுவில் நாயகி வாய் தவறி முதலாமவன் பெயரைச் சொல்லி இரண்டாமவனைக் கூப்பிட்டுவிடட்டும். அவன் திரும்புவானா மாட்டானா என்று பார்க்க, முதல் நாளே டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இடைவேளைக்கு எழுந்துபோகாத ஒரு ரசிகன்